தம்பிரான் தோழரும் கிந்தனாரும்

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலின் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை என்று ஒரு நிகழ்ச்சி உண்டு. சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில், தம்பிரான் தோழர் எனப்படும் சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்த நாளின் நினைவு அது. மற்றத் தலங்களில் பெரும்பாலும் அசுரனை அழித்ததும் அடியாரைக் காத்ததும் விழாவாகும். இங்கே விழாவாவது, சிவபெருமான் தம் தோழரை வசமாக மாட்டிவிட்ட கதை. கடவுளுக்கு முன்னால் சிரிப்புக்கு இடம் உண்டா, உண்டென்றால் யார் சிரிக்கலாம், எதுவரை சிரிக்கலாம் என்ற கேள்வியைத் தமிழ்ச் சைவம் மிகப் பழைய காலத்திலேயே தன் புராணத்துக்குள் வைத்துக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டில் அதே கேள்வியை மேடையிலும் திரையிலும் புதிதாக எழுப்பியவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவர் நகைச்சுவை நடிகர். தம்முடைய காட்சிகளைத் தாமே அமைத்துக்கொண்ட படைப்பாளி. அவருடைய கலைவாழ்வைச் சினிமா வரலாற்றில் மட்டும் வைத்துப் படித்தால் பாதிதான் விளங்கும். மறுபாதிக்கு ஒற்றியூர் மகிழடியிலிருந்து தொடங்க வேண்டும்.

கதை பெரியபுராணத்தில் ஏயர்கோன் கலிக்காமர் வரலாற்றின் ஊடே வருகிறது. ஞாயிறு என்னும் ஊரில் வேளாளர் குடியில் பிறந்த சங்கிலியார், ஒற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கி இறைவனுக்குப் பூமாலை தொடுத்து வந்தார். திருவாரூரில் பரவையாரை முன்பே மணந்திருந்த சுந்தரர், ஒற்றியூரில் இவரைக் கண்டு, மணம் முடித்துத் தரும்படி இறைவனிடமே கேட்டார். இறைவன் சங்கிலியாரின் கனவில் தோன்றிச் சொன்னார். ஆரூரில் ஒருத்தியோடு வாழ்கிறவரை எப்படி நம்புவது என்று சங்கிலியார் தயங்கினார். உன்னைப் பிரிவதில்லை என்று சத்தியம் செய்து தருவான் என்றார் இறைவன். தலந்தோறும் போய்ப் பாடுகிற சுந்தரருக்கு ஓரூரிலேயே கட்டுண்டு கிடக்க முடியாது. ஆகவே அவர் ஓர் உபாயம் கண்டார். சன்னதியில் சத்தியம் செய்ய நாங்கள் வரும் நேரத்தில் நீர் அங்கே இருக்க வேண்டாம், மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று இறைவனிடம் வேண்டினார். இறைவன் இசைந்தார். இசைந்த கையோடு மீண்டும் சங்கிலியாரிடம் போய், சன்னதியில் வேண்டாம், மகிழடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவைத்தார். மறுநாள் தோழிமார் மரத்தைக் காட்டியபோது சுந்தரருக்குப் பேச்சு எழவில்லை. மரத்தை மூன்று முறை வலம்வந்து சத்தியம் செய்தார்.

இந்தக் கதை கோயிலின் ஓரத்தில் கிசுகிசுக்கப்பட்டதல்ல. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பங்குனி உத்திர விழாவில் மகிழின் கீழே ஆளுடைய நம்பியின் புராணம் படிக்கப்பட்டதைச் சொல்கிறது. ஆளுடைய நம்பி என்பது சுந்தரர். தாம் தோழரை மாட்டிவிட்ட கதையை இறைவன் அதே மரத்தடியில் எழுந்தருளிக் கேட்டார் என்பது, அந்தக் காலத்துச் சைவர்களுக்கு இழிவாகப் படவில்லை. மடத்துப் பெரியவர்களும் உடனிருந்து கேட்டார்கள்.

ஆனால் விளையாட்டு விளையாட்டோடு நிற்கவில்லை. வசந்தம் வந்தது, ஆரூர் நினைவு வந்தது. சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டிய கணத்தில் இரண்டு கண்ணும் மறைந்தன. வழியில் திருவெண்பாக்கத்தில் கோல் ஒன்று கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் திரும்பியது. ஆரூரில்தான் வலக்கண். இந்த வழி நெடுக அவர் கெஞ்சிப் பாடியதைவிடச் சண்டை பிடித்துப் பாடியதே அதிகம் என்று சொல்லும் அளவுக்கு உரிமையும் கோபமும் அந்தப் பதிகங்களில் இருக்கின்றன. சைவ மரபு இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறது. அப்பருக்குத் தாச மார்க்கம், சம்பந்தருக்குச் சற்புத்திர மார்க்கம், மாணிக்கவாசகருக்குச் சன்மார்க்கம், சுந்தரருக்குச் சக மார்க்கம், அதாவது தோழமை நெறி. அடிமையாக நின்று அடையக்கூடிய அதே இடத்தைத் தோழனாக நின்று, கேலி பேசி, பிணங்கி, ஏமாந்து, மீண்டும் கூடியும் அடையலாம் என்பது அதன் பொருள். சிரிப்புக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் எந்தச் சமயமும் கொடுத்ததாகத் தெரியவில்லை. அந்த உரிமைக்கு விலையும் உண்டு என்பதைக் கண்கள் சொல்கின்றன.

ஒற்றியூருக்கு இப்படிப்பட்ட கதைகள் இன்னும் உண்டு. பட்டினத்தார் கடைசிக் காலத்தில் இந்தக் கடற்கரையில் சிறுவர்களோடு விளையாடினார் என்பது வழங்கும் கதை. தம்மை மூடிவிடச் சொல்வார். மூடியதைத் திறந்தால் உள்ளே ஆள் இருக்கமாட்டார். வேறோர் இடத்திலிருந்து எழுந்து வருவார். ஒருநாள் திறந்து பார்த்தபோது அங்கே இலிங்கம் இருந்தது. கடலோரத்தில் அவருடைய சமாதிக் கோயில் இன்றும் இருக்கிறது. சென்னையில் வாழ்ந்த காலத்தில் வள்ளலார் வடிவுடையம்மனைக் காண அடிக்கடி இங்கே நடந்து வருவார். தேரடித் தெருவில் இருந்த ஒரு துறவி, போகிறவர் வருகிறவரையெல்லாம் அது மாடு, இது நாய் என்று அழைத்துக்கொண்டிருந்தவர், வள்ளலாரைக் கண்டதும் இதோ மனிதன் போகிறான் என்றாராம். முன்னது குழந்தைகளின் சிரிப்பு. பின்னது எரிச்சல் கலந்த எள்ளல். இரண்டையும் ஊர் பக்தியோடுதான் சொல்லி வருகிறது.

எள்ளல் என்ற சொல்லில்தான் சிக்கல் தொடங்குகிறது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைச் சொல்கிறது. எள்ளல் இரு வகைப்படும் என்பது பழைய உரை: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுவது மற்றொன்று. மகிழடியில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. தோழர்கள் இருவர் மாறி மாறி எள்ளிக்கொள்கிறார்கள். இருவருக்கும் அதைத் தாங்க முடிகிறது. தோழமைக்குள் அனுமதிக்கப்படாதவன் என்ன செய்வது? கருவறையை விட்டு வெளியே வாரும் என்று கடவுளிடம் சொல்லச் சுந்தரரால் முடிந்தது, அவர் எந்நேரமும் உள்ளே போகக்கூடியவர் என்பதால். கோயில் வாசலிலேயே நிறுத்தப்பட்டவன் சிரித்தால் அது எந்தச் சிரிப்பு? புராணம் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டவர் கிருஷ்ணன்.

நாகர்கோவில் சுடலைமுத்து கிருஷ்ணன் 1908 நவம்பர் 29 அன்று நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். தந்தை சுடலைமுத்து, தாய் இசக்கியம்மாள். இரண்டும் தெய்வப் பெயர்கள்: சுடலைமாடனும் இசக்கியம்மனும் நாஞ்சில் நாட்டின் காவல் தெய்வங்கள். அந்தத் தெய்வங்களின் கொடைவிழாவில் பாடப்படுவது வில்லுப்பாட்டு. வில்லுப்பாட்டில் கதை பாடுகிற அண்ணாவி தெய்வத்தின் பிறப்பைப் பாடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்தி ஊர்க்கதை பேசுவார், எதிரே இருப்பவர்களைச் சீண்டுவார், பின்பாட்டுக்காரரோடு வம்பளப்பார். கூட்டம் சிரித்து அடங்கியதும் பாட்டு தெய்வத்துக்குத் திரும்பும். வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் இதுதான். திரௌபதியம்மன் விழாவில் பாரத ராஜாக்களையே அவன் கிண்டல் செய்வான். வழிபாட்டுக்குள்ளேயே சிரிப்பு இருக்கும் இந்த ஏற்பாட்டைக் கிருஷ்ணன் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவன் ஊர்க்கொடையில் பார்த்துக் கற்றது அது.

டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்து திரைக்கு வந்தார்; 1936இல் வெளியான சதி லீலாவதி அவருடைய தொடக்கப் படங்களில் ஒன்று. அவருடைய வேலைமுறை அன்று புதியது. படத்தின் கதை ஒரு பக்கம் போகும். நகைச்சுவைப் பகுதியை மனைவி டி. ஏ. மதுரத்தோடும் தம் குழுவோடும் சேர்ந்து அவரே கற்பனை செய்து, வசனம் வகுத்து, தனிக் கதைபோலப் படமாக்கிக் கொடுப்பார். அந்நாளில் படங்களில் பெரும்பகுதி புராணமும் பக்தியும். ஆகவே ஒரே படத்தில் கதாநாயகன் கடவுளை நோக்கிப் பாடிக்கொண்டிருக்க, அடுத்த காட்சியில் கிருஷ்ணன் போலிச் சாமியாரையோ மூடநம்பிக்கையையோ சிரிப்பாக்குவார். இரண்டையும் ஒரே கூட்டம் ஒரே டிக்கெட்டில் பார்த்தது. பாட்டுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களே அடுத்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோயில் கொடையின் அதே ஒழுங்கு கொட்டகைக்கு இடம் மாறியிருந்தது.

1944 தீபாவளிக்கு வெளியான ஹரிதாஸ் பக்திப் படம். தியாகராஜ பாகவதர் நாயகன், நகைச்சுவை கிருஷ்ணன். வடசென்னையில் பிராட்வே கொட்டகையில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாகித் தண்டிக்கப்பட்டார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947இல் இருவரும் விடுதலையானார்கள். திரையில் பக்தனும் விதூஷகனும் நாள்தோறும் தோன்றிக்கொண்டிருந்த காலத்தின் பெரும்பகுதியில் அவர்கள் சிறையில் இருந்தார்கள். பாகவதரால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியவில்லை. கிருஷ்ணன் திரும்பினார். அதன் பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய செய்தி.

அது கிந்தனார். மேடையில் அவர் நிகழ்த்திய, 1949இல் நல்லதம்பி படத்திலும் இடம்பெற்ற கதாகாலட்சேபம். பாகவதர் கோலத்தில், பின்பாட்டோடும் மிருதங்கத்தோடும், கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தின் சாயலில் கதையைச் சொல்வார். கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத குடியில் பிறந்த அடியாரான நந்தனாருக்குச் சிதம்பரம் போக ஆசை. கிந்தனாருக்குப் பட்டணம் போய்ப் படிக்க ஆசை. நந்தனாரைத் தடுக்கப் பண்ணையார். கிந்தனைத் தடுக்க அடிக்கிற வாத்தியார். நந்தனாருக்குத் தில்லையின் கோபுரம் கண்ட வியப்பு; கிந்தனுக்கு ரயிலைக் கண்ட வியப்பு. கடைசியில் கிந்தன் படித்துக் கல்வித்துறை அதிகாரியாக ஊருக்குத் திரும்புகிறான்.

இதை நந்தனார் சரித்திரத்தைப் பரிகசித்த நிகழ்ச்சி என்று சொல்பவர் உண்டு. கதையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. காலட்சேபத்தின் நீட்டல் முழக்கல்கள் சிரிப்புக்கு ஆளாகின்றன. தடுக்கிறவர்கள் சிரிப்புக்கு ஆளாகிறார்கள். நந்தனின் ஏக்கம் ஓரிடத்திலும் சிரிப்புக்கு ஆளாகவில்லை. அப்படியே கிந்தனுக்குக் கைமாறுகிறது. அதைவிட முக்கியமான வேறுபாடு முடிவில் இருக்கிறது. நந்தனார் தில்லைக்குள் போக நெருப்பில் இறங்கி வேறு கோலத்தோடு எழ வேண்டியிருந்தது. கிந்தன் அதே உடம்போடு, அதே பிறப்போடு ஊருக்குள் வருகிறான். மரபுக்கதை பல நூற்றாண்டுகளாகக் கேட்கத் தயங்கிய கேள்வி, அவன் அவனாகவே ஏன் உள்ளே வரக்கூடாது என்பது. சிரிப்பின் துணையில்லாமல் அன்று அந்தக் கேள்வியை ஆயிரம் பேர் நடுவில் யாரும் அமைதியாகக் கேட்டிருக்கமாட்டார்கள்.

கிருஷ்ணனுக்கு இது ஏட்டில் படித்த செய்தியும் அல்ல. அவர் வளர்ந்த நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்தது. பக்கத்துச் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கே 1926இல் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. கோயில்களைத் திறந்துவிட்ட திருவிதாங்கூர் பிரகடனம் 1936 நவம்பரில் வந்தது. சதி லீலாவதி வெளியான அதே ஆண்டு. சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல், அவர் சிறையிலிருந்து வெளிவந்த ஆண்டில். கிந்தனார் சொல்லப்பட்டபோது நந்தனாரின் கதை பழங்கதையாக இன்னும் ஆகியிருக்கவில்லை.

சுயமரியாதை இயக்கத்தாரோடு நெருக்கமாக இருந்தவர் அவர். நல்லதம்பியின் கதையை எழுதியவர் அண்ணாதுரை. அதே கிருஷ்ணன் காந்தியின் வாழ்க்கையை வில்லுப்பாட்டாகப் பாடினார். நாகர்கோவிலில் காந்திக்கு நினைவுத் தூணும் எழுப்பினார். அவரை ஆத்திகப் பட்டியலிலோ நாத்திகப் பட்டியலிலோ அடைக்க நடந்த முயற்சிகள் பயனற்றவை. சக மார்க்கத்தார் உள்ளே நின்று கடவுளோடு சிரித்தார்கள். இவர் வாசலில் நிறுத்தப்பட்டவனின் பக்கத்தில் நின்று, வாசலை அடைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். 1957 ஆகஸ்டு 30 அன்று, 49 வயது நிறையும் முன்பே இறந்துவிட்டார்.

நடிகர் எம். ஆர். ராதாவின் வழி வேறு. அவர் புராணக் கதைமாந்தர்களையே நேராகத் தாக்கினார். 1954இல் அவருடைய ராமாயண நாடகத்தைச் சுற்றி எழுந்த கிளர்ச்சிக்கு நடுவில் சென்னை நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. நாடகப் பிரதியை முன்கூட்டியே போலீசாரிடம் காட்டும் நிலை ஏற்பட்டது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று தீர்த்தது. ராதாவின் எள்ளலில் தோழமைக்கு இடமில்லை. அவர் அதை விரும்பவும் இல்லை. அதற்காக அவருக்குப் பேச்சுரிமை குறைந்துவிடாது. ஆனால் கிருஷ்ணனின் சிரிப்பில் பக்தர்களும் சேர்ந்துகொண்டார்கள். ராதாவின் சிரிப்பு கூட்டத்தை இரண்டாகப் பிரித்தது. இந்த வேறுபாடு சிறிதல்ல. பிற்கால நகைச்சுவையாளர்களில் சோ அரசியலை எள்ளி, சமயத்தை விளக்கி எழுதினார். கிரேசி மோகன் மேடையில் ஆள்மாறாட்டக் கதைகளால் சிரிக்கவைத்து, வீட்டில் ரமணரையும் கண்ணனையும் வெண்பாவில் பாடினார். இருவரும் சிரிப்பையும் பக்தியையும் தனித்தனி அறைகளில் வைத்துக்கொண்டார்கள். அதனால் யாருக்கும் மனக்குறை வரவில்லை. மகிழடியின் கேள்வியும் எழவில்லை.

இங்கிலாந்திலும் அந்தக் கேள்வி எழுந்தது. மான்டி பைத்தான் குழுவின் நடிகர்களே எழுதி நடித்த லைஃப் ஆஃப் பிரையன் 1979இல் வெளியானபோது அங்கே பல நகராட்சிகள் அதைத் தடுத்தன. கதை இயேசுவைப் பற்றியதல்ல. அடுத்த கொட்டிலில் பிறந்து, தவறுதலாக இரட்சகர் என்று கொண்டாடப்பட்ட பிரையனைப் பற்றியது. எள்ளப்பட்டது நம்பப்பட்டவரா, நம்புகிறவர்களின் மந்தைத்தனமா என்பதே அங்கும் வாதம். கிந்தனார் மேல் எழுந்த வாதமும் இதுவே.

மனம் புண்படுவதை இந்தியச் சட்டம் 1927இல் 295ஏ பிரிவாக எழுதிக்கொண்டது. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு சமய உணர்வைப் புண்படுத்துவது அதன்படி குற்றமானது. நோக்கத்தைத் தேடுகிற அளவில் அந்த விதி நியாயமானது. ஆனால் புண்பட்டவருக்கும் சிரித்தவருக்கும் இடையில் வழக்கறிஞர்களைத்தான் அதனால் நிறுத்த முடியும். பெரியபுராணம் அவர்களுக்கிடையில் வேறொன்றை நிறுத்தியது. ஒற்றியூர்க் கதையின் மீதி அது.

ஆரூர் திரும்பிக் கண் பெற்ற சுந்தரரைப் பரவையார் வீட்டுக்குள் விடவில்லை. சுந்தரர் இறைவனையே தூது அனுப்பினார். நள்ளிரவில் ஆரூர் வீதியில் இறைவன் ஒருமுறை அர்ச்சகர் உருவில் போய் வெறுங்கையோடு திரும்பி, மறுமுறை போய்ப் பரவையாரின் ஊடலைத் தீர்த்தார். இதைக் கேள்விப்பட்டவர் திருப்பெருமங்கலத்து ஏயர்கோன் கலிக்காமர். ஒரு பெண்ணின் கோபத்தைத் தணிக்கக் கடவுளை நடக்கவிட்டவன் அடியானா என்று கொதித்தார். சமய உணர்வு புண்படுவது என்று இன்று சொல்லப்படுவது, தமிழ் இலக்கியத்தில் இவ்வளவு கூர்மையாக வேறெங்கும் சொல்லப்படவில்லை. சேக்கிழார் அவரைச் சிரிப்புக்கு ஆளாக்கவில்லை. அவருடைய கோபம் பக்தியிலிருந்து வந்தது என்று தெளிவாகக் காட்டுகிறார். இறைவன் அவருக்குச் சூலை நோயைக் கொடுத்து, சுந்தரன் வந்துதான் தீர்ப்பான் என்றார். அவன் கையால் நலம் பெறுவதைவிடச் சாவது மேல் என்று கலிக்காமர் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். மனைவியார் அழுகையை அடக்கச் சொல்லி, வந்த சுந்தரருக்கு வரவேற்பு ஏற்பாடு செய்தார். சுந்தரர் உடலைக் கண்டார். தம்மால் புண்பட்டு ஒருவர் இறந்துகிடக்க, தம் பக்க நியாயத்தை அவர் பேசவில்லை. தாமும் சாவதாக உடைவாளை எடுத்தார். அருளால் உயிர் பெற்ற கலிக்காமர் எழுந்து அந்தக் கையைப் பிடித்தார்.

கடவுளை உரிமையோடு விளையாட்டில் சேர்த்தவரும், அதைப் பொறுக்காமல் உயிரை விட்டவரும், இருவரும் அறுபத்துமூவரில் அடங்குவர். ஒருவர் சரி, மற்றவர் தவறு என்று புராணம் தீர்ப்பு எழுதவில்லை. பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து திருப்புன்கூருக்குப் போய் வழிபட்டார்கள். நந்தனார் வெளியே நின்று இறைவனைக் காணட்டும் என்று நந்தி விலகிக் கொடுத்த தலம் அதுதான். அந்த நந்தி இன்றும் சன்னதிக்கு நேரே இல்லாமல் சற்று விலகியே இருக்கிறது.